பாதி வழிக்கு வந்துவிடுகிறவர்

மற்றவர்கள் வீட்டுத் தாத்தாக்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் போய்ச் சேர்ந்ததும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "வாங்க, வாங்க" என்பார்கள். எங்கள் தாத்தாவை அப்படி நான் பார்த்ததே கிடையாது. லீவுக்கு நாங்கள் வருகிறோம் என்றால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. எங்களைத் தேடிக் கிளம்பி, பாதி வழிக்கு வந்துவிடுவார்.

நாங்கள் அப்போது விழுப்புரத்தில் இருந்தோம். அம்மாவின் பிறந்த வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் பக்கம். அரைப்பரீட்சை முடிந்த மறுநாள் காலைப் பாசஞ்சரில் ஏறிவிடுவோம். அப்பாவுக்கு லீவு கிடைக்காது, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் வந்து சேருவார். எனவே வண்டியில் அம்மா, நான், தம்பி, அப்புறம் எங்களைவிடக் கனமான பைகள். கடைசிப் பரீட்சை எழுதும்போதே என் தலைக்குள் வண்டி ஓட ஆரம்பித்துவிடும். ஒரு வருடம் சமூக அறிவியலில் தமிழ்நாட்டு வரைபடத்தில் சென்னையைக் குறிக்கச் சொன்னால், நான் தாம்பரத்தைக் குறித்துவிட்டு வந்தேன். எனக்கு அதுதான் சென்னை.

எனக்கு விவரம் தெரிந்த முதல் சில லீவுகளில் தாத்தா தாம்பரம் பிளாட்பாரத்தில்தான் நிற்பார். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில் குடை. ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கும் என்று சொல்லிப் பழகியவர் என்பதாலோ என்னவோ, எங்கள் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதிலும் ஒரு தீர்மானத்தோடு இருப்பார். அந்தத் தீர்மானம் ஒரு முறைகூடச் சரியாக இருந்ததில்லை. வண்டி நிற்கும், அவர் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார், நாங்கள் கதவருகே நின்று கத்துவோம். டீக்கடைக்காரர் சிரிப்பார்.

"இன்னா பெரியவரே, உங்களுக்காக வண்டிய தள்ளியா நிறுத்துவான்? அவன் நிறுத்துற எடத்துல நீங்க நில்லுங்க."

"அடுத்த வருஷம் பாரு," என்பார் தாத்தா.

அடுத்த வருஷம் அவர் எங்கள் பெட்டி நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தார். செங்கல்பட்டில் வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். கம்பிக்கு வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நுழைந்து என் ஜடையைப் பிடித்தது. வீல் என்று அலறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வெள்ளைச் சட்டை. காலையிலேயே எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து செங்கல்பட்டுக்கே வந்துவிட்டார். பெட்டிக்குள் ஏறி, எங்களுக்கு நடுவில் இடம் பண்ணி உட்கார்ந்து, "தாம்பரம் போற வரைக்கும் பேச்சுத்துணை வேணும்ல" என்றார். யாருக்குப் பேச்சுத்துணை என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வருடம் மேல்மருவத்தூரில் நின்றார். நானும் தம்பியும் எந்த ஸ்டேஷனில் தாத்தா ஏறுவார் என்று பந்தயம் கட்டுவோம். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொள்வோம். ஆள் இல்லையென்றால் ஏமாற்றம் கிடையாது, அடுத்த ஸ்டேஷன் இருக்கிறதே. அந்த மாதிரி ஒரு குதூகலத்தை நான் பிறகு எந்தப் பிரயாணத்திலும் அனுபவித்ததில்லை. விமானத்தில் போயிருக்கிறேன், பெரிய மலையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கிட்டே வராது.

உச்சக்கட்டமாக ஒரு வருடம் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கதவையே தட்டிவிட்டார். விடிந்தும் விடியாத நேரம். அம்மா கலைந்த தலையோடு கதவைத் திறந்தாள்.

"அப்பா, நாங்க இன்னும் பல்லே விளக்கல."

"நிதானமா விளக்குங்க. நான் சும்மா உங்கள கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"எங்களுக்கு வழி தெரியாதா?"

"தெரியும். இருந்தாலும்."

இந்த 'இருந்தாலும்' அவருடைய கடைசி வாதம். அதற்கு மேல் யாராலும் அவரோடு பேச முடியாது.

வழியெல்லாம் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். கேள்வி கேட்டார். என்ன மார்க், என்ன ரேங்க் என்று மறந்தும் கேட்கமாட்டார். போன லீவில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். "உன் பக்கத்துல உட்கார்ற பொண்ணு இன்னும் பென்சில கடிக்கிறாளா?" "அந்தக் கணக்கு டீச்சருக்குக் கல்யாணம் ஆச்சா?" "மாடி வீட்டு நாய் உன்னப் பார்த்துக் குரைக்கிறத நிறுத்திடுச்சா?" நாங்களே மறந்துபோன சங்கதிகள். தம்பிக்குத் திக்குவாய் உண்டு, பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கமாட்டான். தாத்தாவிடம் மட்டும் ஊரப்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஒரே கதையைச் சொல்லுவான். தாத்தாவும் அவசரப்படுத்தாமல் கேட்டுக்கொண்டு வருவார். உட்கார்ந்து காத்திருக்கத் தெரியாத மனிதர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மலையாகப் பொறுமை காத்தார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும்தான் அவருடைய அட்டகாசம். வாசலில் ஆயா, அம்மாவைப் பெற்றவள், கையை விரித்துக்கொண்டு நிற்பாள். அவள் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொள்வார். "உனக்குத் தெரியாதா? தம்பிக்கு ரெண்டு பல்லு விழுந்திருச்சு. பாப்பாவுக்கு ஆபீஸ்ல எடம் மாத்திட்டாங்க. இவளுக்கு டான்ஸ் பிடிக்கலியாம், நிறுத்திட்டா." அவருக்கு அம்மா இன்னும் பாப்பாதான். ஆயாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

"பசங்க என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணாவது மிச்சம் வெச்சியா நீ? எல்லாத்தயும் வழியிலயே உறிஞ்சி எடுத்துக்கினு வந்துடறே."

தாத்தா ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அதோடு அவர் வேலை முடிந்தது. லீவு முழுக்க ஆயாதான் எங்களுக்கு எல்லாம். கிறிஸ்துமஸ் பலகாரம் கலகலாவுக்கு மாவு பிசைவது, கேக்குக்கு முந்திரி நறுக்குவது, தலைக்கு எண்ணெய் வைத்து அமுக்கிவிடுவது. மாமா எங்களை வண்டியில் உட்கார வைத்துக் கோவளம் கூட்டிக்கொண்டு போவார். தெருப் பிள்ளைகள் ஸ்டார் கட்டுவதற்கு இழுத்துக்கொண்டு போவார்கள். தாத்தா ஓரமாகக் கதவுத் தாழ்ப்பாளைச் சரிசெய்துகொண்டோ, மழைத்தண்ணீர் போகும் வழியைக் குத்திவிட்டுக்கொண்டோ இருப்பார்.

எங்களுக்கு என்று இல்லை, யார் வந்தாலும் அவர் எதிரே போய்விடுவார். கேஸ் சிலிண்டர் வண்டிச் சத்தம் கேட்டால் தெருமுனைக்குப் போய் நிற்பார். போஸ்ட்மேனைப் பாதியில் மடக்கிவிடுவார். "சாவுக்கு வர்றவங்களக்கூட பஸ் ஸ்டாண்டுல போய் நின்னு கூட்டினு வர்ற ஆளு," என்பாள் ஆயா.

ஒரு வருடம் இந்தப் பழக்கத்தால் நல்ல கூத்து நடந்தது. விழுப்புரத்தில் பாசஞ்சர் கிளம்பவே தாமதம் என்று அறிவித்தார்கள். அம்மாவுக்குப் பொறுமை இல்லை, எங்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். நாங்கள் ஜி.எஸ்.டி. ரோடு வழியாகச் சுகமாகத் தாம்பரம் வந்து இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் முடித்தோம். தாத்தா எங்கே? செங்கல்பட்டில். அவரிடம் செல்போன் கிடையாது. தாமதமாக வந்த பாசஞ்சரில் ஏறி, பெட்டி பெட்டியாக எங்களைத் தேடியிருக்கிறார். மத்தியானம் தாண்டி, மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தார். நாங்கள் வாசலுக்கு ஓடினோம். அவர் முகத்தில் கோபம் இல்லை, நல்ல பூரிப்புதான் தெரிந்தது.

"ஒரு அம்மா கைக்குழந்தையோட தனியா வந்துட்டிருந்தாங்க. தாம்பரத்துல யாரும் கூப்பிட வரல. படப்பை போகணுமாம். நானே பைய எடுத்துட்டுப் போய் பஸ்ல ஏத்தி உட்கார வெச்சிட்டு வந்தேன்."

"அப்ப எங்கள கூப்பிட வந்தது?" என்றாள் அம்மா.

"நீங்கதான் வந்துட்டீங்களே," என்றார். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, "பஸ்ல வந்தா முன்னாடியே சொல்லணும்ல, நான் பெருங்களத்தூர்ல நின்னிருப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது தாத்தாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். ஆகஸ்ட் மாதம். எங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அம்மா மட்டும் போய்விட்டு வந்தாள். ரொம்ப இளைத்துவிட்டார் என்று அப்பாவிடம் சொல்லி அழுதாள். தம்பி என்னிடம் வந்து, "தாத்தா செ... செத்துடுவாரா?" என்று கேட்டான். அடித்துவிட்டேன் அவனை. எனக்கும் அதே பயம்தான்.

டிசம்பர் நெருங்கியது. தாத்தா கொஞ்சம் தேறிவிட்டார், வீட்டுக்குள் நடமாடுகிறார் என்று சேதி வந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். படி ஏறக்கூடாது, கூட்டத்தில் போகக்கூடாது, எடை தூக்கக்கூடாது. தாம்பரம் ஸ்டேஷனில் நடைமேம்பாலம் ஏறாமல் கிழக்குப் பக்கத்திலிருந்து எங்கள் பிளாட்பாரத்துக்கு வர முடியாது. தாத்தாவோ நாங்கள் வரும் தேதியைக் கேட்டு தினமும் மாமாவை நச்சரிக்கிறார். அம்மாவும் மாமாவும் போனில் ரகசியமாகப் பேசி ஒரு திட்டம் போட்டார்கள். சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் வருவதாகத் தாத்தாவிடம் சொல்வது. வெள்ளிக்கிழமையே போய் இறங்கிவிடுவது.

"மேம்பாலத்துல ஏறினாருன்னா பேஜாராயிடும்கா," என்றார் மாமா. "சொன்னா கேக்கற ஆளா அவரு? பொய் சொல்றதுதான் வழி."

எனக்கும் தம்பிக்கும் சொல்லமுடியாத குஷி. தாத்தாவை நாங்கள் ஏமாற்றப்போகிறோம். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வீட்டுக்குள் இருக்கும்போது நாங்கள் போய் நிற்கப்போகிறோம். அவர் முகம் எப்படி மாறும் என்று வண்டியில் தம்பி நடித்துக் காட்டிக்கொண்டு வந்தான். மேல்மருவத்தூர் வந்தபோது பழக்கதோஷத்தில் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தோம். செங்கல்பட்டிலும் பார்த்தோம். இல்லை என்று தெரிந்தும் பார்த்தோம். பெருங்களத்தூர் தாண்டியபோது தம்பி சொல்வதற்குக் கதை வைத்திருந்தான், கேட்கத்தான் ஆள் இல்லை. அம்மா பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் மாமா ஆட்டோவோடு நின்றார். வீட்டுக்கு வந்து, அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினேன். உள்ளே ஏதோ குருவி கத்தியது. அப்படி ஒரு பெல் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

தாத்தாதான் கதவைத் திறந்தார். லுங்கி, பனியன், இரண்டு நாள் தாடி. வாயில் இட்லி இருந்தது. பனியனுக்கு மேலே தையல் போட்ட தழும்பு கோடாகத் தெரிந்தது. நாங்கள் "சர்ப்ரைஸ்" என்று கத்தினோம். அவர் எங்களைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா," என்றார்.

தம்பி நடித்துக் காட்டிய முகம் அது இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து எங்கள் தலையைத் தடவினார். சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆயாவுக்குக் கொண்டாட்டம். பள்ளிக்கூடக் கதை எல்லாவற்றையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். தாத்தா நடுவில் எழுந்து போய்க் கொல்லைப்புறக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அம்மா பொறுக்கமுடியாமல் அவரிடம் போனாள்.

"உங்க நல்லதுக்குத்தான்பா அப்படிச் சொன்னோம்."

"தெரியுது பாப்பா. உங்க மேல எனக்கு என்ன கோவம்?"

"அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?"

குழாயை இன்னொரு திருகு திருகினார். "வீட்டுக்குள்ள வந்துட்டா நீங்க எல்லாருக்கும் பொது. ஆயா இருக்கா, மாமா இருக்கான், தெருவே இருக்கு. வர்ற வழி மட்டும்தான் எனக்கு."

ஆயா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் அவரை ஒரு வாங்கு வாங்குகிறவள், அன்றைக்குக் குரலை இறக்கி அம்மாவிடம் சொன்னாள். "ஸ்டேஷனுக்குப் போகமாட்டேன்னு டாக்டர்கிட்ட ஒத்துக்கினாருடி. பேக்கரி வரைக்குமாவது போய் நிக்கறேன்னு சொல்லிக்கினு கெடந்தாரு. முதல்ல கேட்டு வரைக்கும் நடந்தாரு. அப்புறம் லைட்டு கம்பம் வரைக்கும். போன வாரந்தான் பேக்கரி வரைக்கும் போய்ட்டு வந்தாரு. மூச்சு வாங்குது, உட்காந்துக்க ஒரு சேர் போடச் சொல்லி கடைக்காரன்கிட்ட சொல்லி வெச்சிருக்காரு. நாளைக்குப் போட்டுக்கத்தான் சட்டை இஸ்திரி ஆயி மாட்டியிருக்கு, பாரு."

பேக்கரி எங்கள் தெரு மெயின் ரோட்டைத் தொடும் முனையில் இருக்கிறது. காலையில் எங்கள் ஆட்டோ அதன் முன்னால்தான் திரும்பி வந்தது. அம்மா ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். தாத்தாவை ஏமாற்றுகிறோம் என்று குதித்துக்கொண்டு வந்தோமே என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அம்மா எங்களை உலுக்கி எழுப்பினாள். முந்தின நாள் போட்டிருந்த பிரயாண உடுப்புகளையே எடுத்துக் கையில் கொடுத்தாள். பைகளில் துணியெல்லாம் திரும்பவும் அடைத்து வைத்திருந்தாள்.

"எங்க போறோம்மா?"

"சனிக்கிழமை வர்றோம்னு சொன்னோம் இல்ல? சனிக்கிழமை வரணும்."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "அக்கா, நேத்து ராத்திரி சாப்பிட்டு இங்க தூங்கினவங்க இன்னிக்குக் காலைல எப்படி வருவீங்க?"

"அதெல்லாம் வருவோம். நீ உள்ள போ."

தாத்தா குளியலறையில் இருந்தார். பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, ஷேர் ஆட்டோவில் ஏறி, பைகளோடு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்கினோம். பெருங்களத்தூர் பக்கமிருந்து பாசஞ்சர் வந்தது. இறங்கின கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். தம்பி ஒருபடி மேலே போய், ஒரு பெட்டிக்குள் ஏறி இறங்கிவிட்டு வந்தான். பொய் சொல்லக்கூடாதாம். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் வந்திருப்பாரா? வராமல் போனால்? இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று கோபித்துக்கொண்டால்? அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் அதே கவலைதான் என்று தெரிந்தது.

பேக்கரிக்குச் சற்று முன்னாலேயே இறங்கிக்கொண்டோம். கடை வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் தாத்தா. முகம் வழித்து, வெள்ளைச் சட்டை, வேட்டி, குடை. மடியில் ஒரு கேக் பொட்டலம். எங்களைப் பார்த்ததும் குடையை ஊன்றி எழுந்தார். நாங்கள் ஓட்டமாக ஓடினோம். அவரும் நாற்காலியை விட்டு நான்கைந்து எட்டு முன்னால் வந்தார். கையைக் காட்டி எங்களை நிறுத்திவிட்டு அவர்தான் வந்து சேர்ந்தார். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

"வண்டில கூட்டமா?" என்று கேட்டார்.

"இல்ல தாத்தா," என்றான் தம்பி. "ஜ... ஜன்னல் சீட்டு கெடச்சுது."

தாத்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவிடம் பையைக் கேட்டார், அம்மா தரமாட்டேன் என்றாள், கடைசியில் தம்பியின் தண்ணீர் பாட்டிலை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். நடக்க ஆரம்பித்தோம். பக்கத்து பெஞ்சுப் பெண் பென்சிலை விட்டு இப்போது நகத்தைக் கடிக்கிறாள் என்றேன். நின்று சிரித்தார். நேற்று ஆயாவிடம் சொன்ன அத்தனையையும் நானும் தம்பியும் முதலிலிருந்து சொன்னோம், புதிதாகச் சிலதைச் சேர்த்தும் விட்டோம். லைட்டுக் கம்பத்தருகே மூச்சு வாங்க நின்றார். எதிரே வந்தவர்கள் எல்லாரிடமும், "பசங்க ஊர்லேந்து இப்பதான் வர்றாங்க" என்றார். எங்களை நேற்றே பார்த்துவிட்ட எதிர்வீட்டுக்காரர்கூட, "அப்படியா சார், எந்த வண்டி?" என்று கேட்டார். அம்மா அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு வந்தாள்.

வீடு வந்துவிட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆயா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். தம்பியின் கதை அப்போதுதான் பாதியில் இருந்தது. தாத்தா கேட்டுக்கு ஓர் எட்டு முன்னால் நின்றார். கேட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"அடடா," என்றார். "கேக் வாங்க மறந்துட்டேனே."

"கையில இன்னா அது?" என்று ஆயா கத்தினாள்.

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கேக் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்தபடி, பேக்கரிப் பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா கீழே வைத்த பைகளை மறுபடி தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.